உன் சின்னவன் வாங்கிய கார்

மொன்றியல்,
டிசம்பர்

மச்சான்,

எழுதாமல் இருந்ததற்கு ஏசப்போகிறாய். ஏசி முடித்துவிட்டு வாசி. இங்கே எல்லாரும் சுகம். மனிசிக்கு முழங்கால் நோ பரவாயில்லை. மகளுக்கு இது கடைசி வருஷப் படிப்பு. சித்தப்பாவின் காணி வழக்கு இன்னும் சாவகச்சேரியிலேயே கிடக்கிறது. அதைப் பற்றி எழுதினால் உனக்கு பிரஷர் ஏறும், விடுவோம்.

விஷயம் வேறு. உன் சின்னவன் ரொறன்ரோவில் கார் வாங்கிவிட்டான். ரொயோட்டா 86, 2017ஆம் ஆண்டுக் கார், கறுப்பு, இரண்டு கதவு, கையால் கியர் போடுகிற வகை. பின்னுக்கு இரண்டு சீற் இருக்கிறது என்று பேர்தான், மச்சாளின் ஹான்ட்பாக்கை வைக்கலாம். என்ஜின் சுழற்றுவது பின் சில்லை மட்டும்.

ஞாயிற்றுக்கிழமை தானே உனக்குச் சொல்லப்போகிறானாம். இந்தக் கடிதம் ஒஸ்லோ வந்து சேர்ந்தபிறகும் சொல்லியிராவிட்டால், உனக்குக் கடிதம் ஒன்றும் வரவில்லை, விளங்குதா? எனக்குத்தான் முதலில் போன் எடுத்தான். "மாமா, அப்பாவோட நீங்கள் ஒருக்கால் கதையுங்கோ. ஸ்நோவுக்கை பின் சில்லுக் கார் ஓடுற ஒரே தமிழ் ஆள் எனக்குத் தெரிய நீங்கள்தான்." ஐஸ் வைக்கிறான் என்று தெரியும். தெரிந்தும் குளிர்ந்துபோனேன்.

உன் முகம் எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. "பனிக்குள்ளை பின் சில்லோ? விசரோ இவனுக்கு?" என்று மச்சாளைக் கூப்பிட்டிருப்பாய். பொறு. உன் அப்பாவின் மொறிஸ் மைனர் எந்தச் சில்லில் ஓடியது? கார்த்திகை மழையில் கைதடி ஒழுங்கைக்குள் அது எங்களை இறக்கித் தள்ளவைத்ததை இப்போது இழுக்காதே, அன்றைக்கு ஓடினவர் யார் என்று நான் மச்சாளுக்குச் சொல்லவேண்டி வரும். உங்கள் பக்கத்து நாட்டு வொல்வோ 240ஐ எடு. 1993 வரைக்கும் செய்தார்கள், பின் சில்லுதான். சுவீடன்காரர் அதில் எத்தனை பனிக்காலம் கடத்தினார்கள். நாங்கள் இங்கே வந்து இறங்கியபோது ராக்சி என்று நின்றவற்றிலும் பாதி பின் சில்லுதானே.

என் சின்ன மஸ்டா எம்எக்ஸ்-5உம் பின் சில்லுதான், அதை இந்தக் குளிர்காலமும் மூடிவைக்கவில்லை. மனிசி அதை இன்னும் "விளையாட்டுச் சாமான்" என்றுதான் சொல்கிறாள். சொல்லட்டும். இரவு ஸ்நோ கொட்டி, அள்ளுகிற மெஷின் இன்னும் வராத விடிகாலையில் கோட்-டே-நேஜ் ஏற்றத்தில் அதை இரண்டாம் கியரில் மெல்ல ஏற்றிப் பார்க்கவேண்டும் நீ. ஆயிரம் கிலோவுக்குக் கொஞ்சம் மேல் எடை, அதில் பாதி பின் சில்லில். ஏற்றத்தில் பாரம் இன்னும் பின்னுக்குச் சாயும். முன் சில்லுக் கார் ஏற்றத்தில் சுழன்றுகொண்டு நிற்கிற இடத்தில் சிலவேளை இது அசையாமல் ஏறும். முப்பது கிலோமீற்றர் வேகத்தில் காரின் இடுப்பு எந்தப் பக்கம் அசைகிறது என்று முதுகால் உணர்கிற சந்தோசம், கோடையில் நூறில் போனாலும் கிடைக்காது. இதைக் காரில் ஆசை இல்லாதவனுக்கு விளங்கப்படுத்தேலாது. உனக்கு ஆசை இருந்தது, கலியாணத்துக்குப் பிறகு ஸ்கொடா வாங்கினாய்.

அதனால் அவனை நான் ஏசவில்லை. ஒரு கேள்விதான் கேட்டேன்: கார் எந்த ரயரில் நிற்குது?

"வந்த ரயர்தான் மாமா, நல்லாத்தான் இருக்கு."

அங்கேதான் எனக்கு வயிற்றில் புளி கரைத்தது. அந்தக் காரோடு வருவது கோடை ரயர், அளவு 215/45, றிம் 17 அங்குலம். ஏழு பாகைக்குக் கீழே போனால் அந்த றப்பர் இறுகத் தொடங்கும். பூச்சியத்துக்குக் கீழே ஸ்நோவில் அதன் பிடி ஏறக்குறைய இல்லை. குளிர்கால ரயரின் கலவை குளிரிலும் மெதுமையாக இருக்கும், முகம் முழுக்கப் பொடி வெட்டுகள், அவை ஸ்நோவைக் கவ்வும். பக்கச்சுவரில் மூன்று கொடுமுடி மலையும் நடுவில் பனிப்பூவும் பொறித்திருக்கும், அதைப் பார்த்து வாங்கவேண்டும். இங்கே கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அது இல்லாமல் ஓடினால் தண்டம். 2008 முதல் சட்டம். ஒன்ராறியோவில் அப்படி ஒரு கட்டாயம் இல்லை. 2016இலிருந்து குளிர்கால ரயர் போட்டவனுக்கு இன்சூரன்ஸ்காரன் காசு குறைக்கவேண்டும் என்பதோடு சரி. குறைகிற காசுக்காக ரயர் வாங்குகிற வயதா அவனுக்கு?

நாலு சில்லும் இழுக்கிற ஜீப்காரர்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிவப்பு லைற்றில் கிளம்பும்போது என்னை விட்டுவிட்டுப் போவார்கள், உண்மைதான். அடுத்த சிவப்பு லைற்றில் நிற்கிறபோது எல்லாருக்கும் நாலு ரயர்தான், அங்கே இழுவைக்கு ஒரு வேலையும் இல்லை. முதல் ஸ்நோ விழுந்த மறுநாள் பள்ளத்துக்குள் கிடக்கிற வாகனங்களை எண்ணிப்பார், ஜீப்புகள் குறைவில்லை.

கட்டையனின் மருமகனை மறந்திருக்கமாட்டாய். கிங்ஸ்ரனுக்குப் பக்கத்தில், 401 நெடுஞ்சாலையில், மார்ச் மாத விடிகாலை. அது முன் சில்லுக் கார். செத்தவீட்டுக்கு நீ வரமுடியவில்லை, நான் போனேன். கராஜ் கதவு திறந்து கிடந்தது. குளிர்கால ரயர் நாலும் கழுவித் துடைத்து, சுவரோரம் ஒன்றுக்குமேல் ஒன்றாக அடுக்கியிருந்தது. மார்ச் பிறந்துவிட்டதென்று முந்தின கிழமைதான் கழற்றினானாம். அன்றைக்கு நான் கட்டையனோடு ஒரு வார்த்தையும் பேசவில்லை. பேச வரவில்லை.

அந்தக் காலைகள்தான் மோசம், மச்சான். மைனஸ் இருபதில் ஐஸ்கூடக் காய்ந்து கொஞ்சம் பிடிக்கும். பூச்சியத்தைச் சுற்றி உருகியும் உறைந்தும் நிற்கும்போது மேலே ஒரு மெல்லிய தண்ணீர்ப் படலம், றோட்டு வெறும் ஈரமாகத் தெரியும். 1998 ஜனவரியில் பார்க் எக்ஸ்ரென்ஷனில் நாங்கள் கரண்ட் இல்லாமல் மெழுகுதிரியில் மா அவித்தோமே, அந்த ஐஸ் மழை நினைவிருக்கா? நடக்கவே முடியவில்லை. நீ தபால்பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்ற படம் இன்னும் என்னிடம் இருக்கு.

சின்னவனுக்கு ஒரு நன்மை உண்டு. அவன் உங்கள் நாட்டில் லைசன்ஸ் எடுத்தவன். வழுக்குத் தடத்தில் காரைச் சறுக்கவிட்டுப் பழக்கித்தானே அங்கே தருகிறீர்கள். இங்கே எங்கள் பிள்ளைகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஆனால் அவன் பழகியது முன் சில்லில். வளைவில் பயம் வந்தால் அக்சிலரேற்றரிலிருந்து காலை எடு என்பது அதிலே ஓரளவு சரி. இதிலே கீழ் கியரில் போகும்போது காலை வெடுக்கென்று எடுத்தால் என்ஜின் பின் சில்லுகளை மட்டும் பிடித்து இழுக்கும், ஹான்ட் பிறேக் போட்ட மாதிரி. வால் சுற்றி முன்னுக்கு வந்துவிடும். அந்த நேரம் கிளச்சை மிதித்துச் சில்லை உருளவிட்டு, போகவேண்டிய பக்கத்தைப் பார்த்து ஸ்டியரிங்கைத் திருப்பவேண்டும். மதிலைப் பார்த்தால் மதிலுக்குத்தான் போவான். காரில் உள்ள கம்பியூட்டர் ஒரு சில்லை மட்டும் பிறேக் பிடித்து நேராக்கப் பார்க்கும், நல்ல சாமான், நிற்பாட்டக்கூடாது. ஸ்நோவுக்குள் புதைந்து முன்னும் பின்னும் ஆட்டி எடுக்கிறபோது மட்டும், சில்லு வீணாய்ச் சுழலாமல் தடுக்கிற இழுவைக் கட்டுப்பாட்டை நிற்பாட்டலாம்.

டிக்கிக்குள் மண் மூட்டை போடச் சொல்லி யாரோ அவனுக்குச் சொல்லியிருக்கிறான். பழைய பிக்கப் கதை அது. அச்சுக்குப் பின்னால் பாரம் தொங்கினால் வால் இன்னும் வேகமாகத்தான் சுற்றும். ஒரு சின்னப் பை மண் போதும், புதைந்தால் சில்லுக்குக் கீழே கொட்ட.

உண்மையில் இந்தக் கார்களுக்கு எதிரி உயரம்தான். அடிவயிற்றுக்கும் நிலத்துக்கும் இடையில் ஒரு சாண்கூட இல்லை. ஸ்நோ தள்ளுகிறவன் வாசலில் குவித்துவிட்டுப் போகிற மேட்டில் வயிறு ஏறிவிட்டால், எந்த ரயர் போட்டும் பிரயோசனமில்லை. சில்லு அந்தரத்தில் சுற்றும். நான் அப்படியான நாளில் மெற்றோவில் போகிறேன். அவனும் போகட்டும்.

வெறும் கார் பார்க்கில் சுழற்றிப் பழகுவம் என்றான். கூடாது என்றேன். ஒன்ராறியோவில் 2021இலிருந்து கார் பார்க்கில் செய்தாலும் அது ஸ்ரண்ட் ஓட்டம்தான், லைசன்ஸ் முப்பது நாள் போகும், கார் பதினாலு நாள் போகும். மிண்டன் பக்கம் ஐஸ் போட்ட தடத்தில் கார் பந்தயம் நடக்கிறது, அங்கே காசு கட்டிப் பழகவும் வழி உண்டு. தை மாதம் நான் ரொறன்ரோ போகும்போது கூட்டிக்கொண்டு போகிறேன்.

இனி உன் வேலை. காரை வில் என்று சொல்லாதே. சொன்னால் விற்கமாட்டான், உனக்குச் சொல்லாமல் ஓடுவான், அப்பனைப் போல. ரயருக்கும் றிம்முக்கும் காசு அவனிடம் இல்லை, காரிலேயே துடைத்துக் கொடுத்துவிட்டான். நான் தருகிறேன் என்றேன், வேண்டாமாம். நீ கொடுத்தால் வாங்குவான், ஏசிக்கொண்டு கொடுத்தாலும் வாங்குவான். ரயர் வரும்வரை பஸ்ஸில்தான் வேலைக்குப் போவேன் என்று எனக்கு வாக்குத் தந்திருக்கிறான். எத்தனை நாளைக்குத் தாங்குமோ தெரியாது, கெதியாய் அனுப்பு.

அளவு 205/55, 16 அங்குலம். எழுதிவைத்துக்கொள். வடிவில்லை, 17இல் அகலமாகப் போடுவம் என்று கெஞ்சுவான். ஒடுங்கின ரயர்தான் ஸ்நோவை வெட்டிக்கொண்டு இறங்கும் என்று சொல், விட்டுக்கொடுக்காதே.

மச்சாளுக்கு என் அன்பைச் சொல். ஒழுங்கைக் கதையை நான் இன்னும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
லைசன்ஸ் உள்ளவன்