செலவே இல்லை என்று சொன்ன வீடுகளுக்கும் சேர்த்து என் நன்றி

அன்புடையீர்,

குடும்பங்களின் சொத்து நிலைக்கும் அவர்களுக்குக் கிடைக்கும் மருத்துவத்துக்கும் உள்ள தொடர்பைப் பற்றிய என் முனைவர் பட்ட ஆய்வேடு ஏற்கப்பட்டுவிட்டது. நன்றி சொல்ல அதில் ஒரு பக்கம்தான் இடம் உண்டு. வழிகாட்டியும் பேராசிரியர்களும் நிதி தந்தவர்களுமே அந்தப் பக்கத்தை நிரப்பிவிட்டார்கள். வெயிலில் நடந்தவர்களும் வேலையை நிறுத்திவிட்டுப் பதில் சொன்னவர்களும் வெளியே நின்றுவிட்டார்கள். இந்த மடல் அவர்களுக்கு.

முதல் நன்றி பதில் சொன்ன குடும்பங்களுக்கு. முன்பின் தெரியாத ஒருவர் வாசலில் வந்து நின்று, தரை எதனால் ஆனது, கூரை எது, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கழிப்பறை தனியா பொதுவா, சைக்கிள் உண்டா, ஃபிரிட்ஜ் உண்டா என்று வரிசையாகக் கேட்டால் யாருக்கும் எரிச்சல் வரும். "உடம்பைப் பற்றிக் கேட்க வந்துவிட்டு எதற்குத் தரையைப் பார்க்கிறீர்கள்?" என்று பல பேர் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. அன்றைக்கு வாசலில் நின்றபடி சொன்ன பதில் போதாது, அதனால் இங்கே முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

வருமானம் எவ்வளவு என்று கேட்டால் சரியான பதில் கிடைப்பது அரிது. மறைப்பதற்காக மட்டும் அல்ல. கூலி வேலைக்குப் போகிறவருக்கும் பருவத்துக்குப் பருவம் சம்பாதிக்கிறவருக்கும் மாத வருமானம் என்று ஒன்று இருப்பதே இல்லை. அதனால் வீட்டில் உள்ளவற்றைக் கேட்டு, அதிலிருந்து ஒரு மதிப்பெண் கணக்கிடுவார்கள். டியான் ஃபில்மரும் லான்ட் பிரிட்செட்டும் 2001-ல் வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகு இந்த முறை பல நாடுகளுக்கும் பரவியது. மதிப்பெண்படி குடும்பங்களை வரிசைப்படுத்தி, சம எண்ணிக்கையில் ஐந்து அடுக்குகளாகப் பிரிப்பார்கள். அப்புறம் எந்த அடுக்கில் யார் மருத்துவரைப் பார்க்கிறார்கள், பிரசவம் எங்கே நடக்கிறது, குழந்தைக்குத் தடுப்பூசி போட்டாயிற்றா என்று ஒப்பிடலாம். உங்கள் தரையும் கூரையும் கேள்வித்தாளில் நுழைந்தது இப்படித்தான்.

கதவைத் திறக்காதவர்களுக்கும், பாதியில் "போதும்" என்று எழுந்து போனவர்களுக்கும் வருத்தம் ஏதும் வேண்டாம். பதில் சொல்லாமல் இருப்பது உங்கள் உரிமை. ஆய்வு செய்கிறவர்கள் பல நேரம் அதை மறந்துவிடுகிறோம்.

அடுத்து, கணக்கெடுப்பாளர்கள். இவர்களைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுதப் போகிறேன்.

கேள்வித்தாளில் மருத்துவச் செலவுக்கென்று ஒரு பகுதி இருந்தது. கடந்த நான்கு வாரங்களில் மருத்துவரிடம் போனதற்கும் மாத்திரைக்கும் எவ்வளவு ஆனது, கடந்த 12 மாதங்களில் மருத்துவமனையில் தங்க நேர்ந்ததா, அதற்கு எவ்வளவு கொடுத்தீர்கள். அடிமட்ட அடுக்கில் பல வீடுகளில் வந்த பதில், "செலவே இல்லை." கட்டத்தில் பூஜ்ஜியம் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிருக்கலாம். பேசிய சம்பளம் அதற்குத்தான். ஆனால் குழுவில் மூத்தவரான அக்கா அப்படிப் போகவில்லை. "ஏன் இல்லை?" என்று கேட்டு, கிடைத்த பதிலைத் தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதினார். முழங்கால் வலி, போனால் அன்றைய கூலி போய்விடும் என்று போகவில்லை. சர்க்கரைக்கு மாத்திரை, ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டுக்கொள்கிறார். பெரியவருக்குக் கண் மங்கல், வயதானால் அப்படித்தான் என்கிறார்கள். மற்ற கணக்கெடுப்பாளர்களும் அவரைப் பார்த்து எழுத ஆரம்பித்தார்கள். யாரும் எழுதச் சொல்லவில்லை. அதற்குக் கூடுதல் காசும் கிடையாது.

அந்த ஓரக் குறிப்புகள் இல்லாவிட்டால் என் ஆய்வேடு இன்னும் ஒரு அட்டவணைத் தொகுப்பாக முடிந்திருக்கும். மருத்துவச் செலவால் ஒரு குடும்பம் நொடிந்துபோவதை அளக்கச் சில எல்லைக்கோடுகள் உண்டு. ஐ.நா.வின் நீடித்த வளர்ச்சி இலக்குகளில் எவ்வளவு முன்னேறினோம் என்று பார்க்க, வீட்டின் மொத்தச் செலவிலோ வருமானத்திலோ 10 சதவீதம், 25 சதவீதம் என்று இரண்டு கோடுகளைப் போட்டார்கள். கே ஷூவும் உடன் ஆய்வாளர்களும் 59 நாடுகளின் தரவுகளை வைத்து 2003-ல் வெளியிட்ட ஆய்வில், பிழைப்புக்கான அடிப்படைச் செலவு போக மிஞ்சுவதில் 40 சதவீதம் என்று எடுத்துக்கொண்டார்கள். எந்தக் கோட்டை எடுத்தாலும் அது பணம் கொடுத்தவரைத்தான் பிடிக்கும். பணம் இல்லாததால் வைத்தியத்துக்கே போகாதவர் இந்தக் கணக்கில் ஆபத்தே இல்லாதவர்! நோயே இல்லாத வீட்டுக்கும் வலியைப் பொறுத்துக்கொண்டு படுத்திருக்கிறவரின் வீட்டுக்கும் ஒரே பூஜ்ஜியம்.

ஏழைகள் மருத்துவத்துக்குக் குறைவாகவே செலவழிக்கிறார்கள் என்பதை ஏதோ நல்ல செய்தி போல எழுதியவர்களைப் படித்திருக்கிறேன். அந்தக் கோபத்திலிருந்துதான் நான்காம் இயல் பிறந்தது. கோபத்துக்கு ஆதாரம் கொடுத்தது அக்காவின் பென்சில். உலக சுகாதார நிறுவனமும் உலக வங்கியும் 2023-ல் சேர்ந்து வெளியிட்ட அறிக்கையில் இரண்டு எண்கள் இருக்கின்றன: அத்தியாவசிய மருத்துவச் சேவைகள் முழுமையாகக் கிடைக்காதவர்கள் சுமார் 450 கோடிப் பேர், மருத்துவச் செலவால் பண நெருக்கடிக்கு ஆளாகிறவர்கள் சுமார் 200 கோடிப் பேர். பெரும்பாலும் இரண்டாவது எண்ணை மட்டும் எடுத்துப் பேசுகிறார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும் என்பதுதான் என் ஆய்வேடு சொல்லவரும் ஒரே விஷயம். மீதியெல்லாம் அதற்கான முட்டுக்கொடுப்பு.

கட்டணத்தை எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா என்று வாய்மொழித் தேர்வில் கேட்டார்கள். வேல்ஸில் சுரங்கத் தொழிலாளர்கள் வாழ்ந்த ஒரு கிராமத்தில் மருத்துவராக இருந்த ஜூலியன் டியூடர் ஹார்ட் 1971-ல் எழுதியதைச் சொன்னேன்: எங்கே தேவை அதிகமோ அங்கேதான் நல்ல மருத்துவம் குறைவாகக் கிடைக்கிறது. அவர் இதை எழுதியபோது பிரிட்டனில் தேசிய சுகாதாரச் சேவை தொடங்கி இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. மருத்துவரைப் பார்க்கக் கட்டணம் கிடையாது. ஆனாலும் வசதியான பகுதிகளில் மருத்துவர்களும் வசதிகளும் கூடுதலாக இருந்ததை அவர் கண்டார். போக்குவரத்து, காத்திருக்கும் நேரம், இழக்கும் கூலி, அங்கே நம்மை எப்படி நடத்துவார்கள் என்ற தயக்கம் என்று கட்டணம் அல்லாத விலைகள் நிறைய. அதையும் ஓரக் குறிப்புகளிலிருந்தே காட்ட முடிந்தது.

ஒரு மருத்துவமனையின் பில் கவுன்ட்டரில் இருந்த அண்ணனுக்கும் நன்றி. பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். "இன்னும் எத்தனை நாள் ஆகும்?" என்று குடும்பத்தினர் மருத்துவரிடம் கேட்பதைவிடத் தன்னிடம்தான் அதிகம் கேட்கிறார்கள் என்றார். கையில் உள்ளது தீர்ந்ததும் உறவினரிடம் கைமாற்று, அப்புறம் வட்டிக்கு, கடைசியில் பொருளை விற்பது. அதுவும் முடியாவிட்டால் கையெழுத்துப் போட்டுவிட்டு நோயாளியை வீட்டுக்கு அழைத்துப் போவது. பதிவேட்டில் அது 'சொந்த விருப்பத்தின் பேரில்' என்று பதிவாகும். 40 நாடுகளின் தரவுகளைக் கொண்டு மார்கரெட் குரூக் குழுவினர் 2009-ல் வெளியிட்ட ஆய்வில், மருத்துவத்துக்காகக் கடன் வாங்கிய அல்லது உடைமையை விற்ற குடும்பங்கள் நான்கில் ஒன்றுக்குச் சற்று மேல். அந்த எண் எனக்கு ஏற்கெனவே தெரியும். அதற்குள் இருக்கும் வரிசையைச் சொல்லிக்கொடுத்தது அவர்தான்.

அவர் சொன்ன 'பொருளை விற்பது' என்பதைப் பிடித்துக்கொண்டவர் என் புள்ளியியல் நண்பர். வைத்தியத்துக்காகப் போன மாதம் பைக்கை விற்ற குடும்பம், இந்த மாதம் நாம் போய்க் கேட்டால் ஒரு அடுக்கு கீழே தெரியும். ஏழை என்பதால் நோயா, நோயால் ஏழையா என்பது ஒருமுறை எடுத்த கணக்கெடுப்பில் தெரியாது. "விற்றது என்ன, எதற்காக, எப்போது" என்ற கேள்வியைச் சேர்க்கச் சொன்னார். கடனையும் கேட்கச் சொன்னார், ஏனென்றால் உடைமைப் பட்டியலில் டிவி தெரியும், டிவியின் தவணை தெரியாது. இரவு எந்த நேரத்தில் அழைத்தாலும் போனை எடுத்த அவருக்கும், அதைச் சகித்துக்கொண்ட அவர் வீட்டாருக்கும் நன்றி.

தட்டச்சு செய்தவர், நூலகர், பிழை திருத்திய தோழி ஆகியோருக்கும் நன்றி. நீங்கள் செய்ததைச் சொல்லத் தனி மடலே வேண்டும், பிறகு எழுதுகிறேன்.

கடைசியாக ஒன்று. "இதனால் எங்களுக்கு என்ன கிடைக்கும்?" என்று கேட்டவர்களுக்குப் பெரிதாக எதையும் வாக்குக் கொடுக்க நான் யாரும் இல்லை. முடிவுகளைப் பெரிய எழுத்தில் இரண்டு பக்கங்களாக அச்சடித்திருக்கிறோம். கணக்கெடுக்க வந்த அதே ஆட்கள் வந்து கொடுப்பார்கள், கேட்டால் வாசித்தும் காட்டுவார்கள். இந்த முறை அந்த வேலைக்கும் சம்பளம் ஒதுக்கியாயிற்று. பெயரும் முகவரியும் நீக்கிய ஓரக் குறிப்புகளைத் துறையில் பாதுகாத்து வைக்க விரும்புகிறோம். உங்கள் வீட்டைப் பற்றிய குறிப்பு அதில் இருக்க வேண்டாம் என்றால் அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள், எடுத்துவிடுவோம். காரணம் சொல்லத் தேவையில்லை.

நன்றியுடன்,
ஆய்வேட்டில் பெயர் போட்டுக்கொண்டவர்