நாள் முழுக்க ஒரு கோப்பைத் தேத்தண்ணி

வெள்ளவத்தை,
ஞாயிறு பின்னேரம்

அன்புள்ள மகன்,

பல் டாக்டர் உன் கடைவாய்ப் பற்கள் இரண்டில் ஓட்டை கண்டதாகச் சொன்னாய். போனில் நான் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. தொடங்கினால் "அம்மா கிளினிக் திறந்துவிட்டா" என்று சிரிப்பாய். எழுதினால் ஆறுதலாக இருந்து வாசிப்பாய்தானே.

"இரண்டு நேரமும் பல் தீட்டுகிறேன், இனிப்பும் அவ்வளவு சாப்பிடுவதில்லை, பிறகு ஏன்?" என்று கேட்டாய். நியாயமான கேள்விதான். ஆனால் வீடியோ கோலில் உன் மேசை எனக்குத் தெரிகிறது. மூடி போட்ட அந்தப் பெரிய கோப்பை, காலையில் நீ வேலை தொடங்கும்போதும் அங்கே இருக்கிறது, முடிக்கும்போதும் இருக்கிறது. இரண்டு கரண்டி சீனி போட்ட தேத்தண்ணியைக் கால் மணித்தியாலத்துக்கு ஒரு மிடறாக நாள் முழுக்க இழுக்கிறாய். இரண்டு கரண்டி பெரிய அளவில்லை என்று நினைப்பாய். அதைக் காலைச் சாப்பாட்டோடு ஒரேயடியாகக் குடித்திருந்தால் நானும் பேசாமல் இருந்திருப்பேன்.

மனிதர்களின் வாய்களில் சுமார் 700 வகைக் கிருமிகளைக் கண்டிருக்கிறார்கள். ஒரே ஆளிடம் அத்தனையும் இருக்காது. இருப்பவற்றிலும் பெரும்பாலானவை ஒரு தொந்தரவும் தராதவை. சீனி உள்ளே போனதும் பல்லில் படிந்திருக்கும் சில வகைகள் அதை அமிலமாக்கிவிடும். 1940களில் ராபர்ட் ஸ்டீபன் என்ற அமெரிக்கர் இதை அளந்து காட்டினார். இனிப்பு நீரால் வாயைக் கொப்பளித்த சில நிமிடங்களிலேயே அந்தப் படிவில் அமிலம் ஏறிவிடுகிறது. அமிலம் கூடக் கூடக் குறையும் பிஎச் என்ற அளவு 5.5க்குக் கீழே போனால் பல்லின் மேற்பூச்சிலிருந்து கல்சியமும் பொஸ்பேட்டும் கரையத் தொடங்கும். அப்புறம் எச்சில் அமிலத்தைத் தணித்து, கரைந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பல்லிலேயே திரும்பச் சேர்க்கும். அதற்கு அரை மணித்தியாலம் முதல் ஒரு மணித்தியாலம் வேண்டும். சந்திக் கடையில் கொப்பிக்குச் சாமான் வாங்குவோமே, அது மாதிரித்தான். பழைய கடனைக் கட்ட முதலே புதுக்கடன் எழுதிக்கொண்டு போனால் கொப்பி எப்போது சுத்தமாகும்? உன் எச்சிலுக்கு நீ அந்த ஒரு மணித்தியாலத்தைக் கொடுப்பதே இல்லை.

இதைவிட மோசமான விஷயம் ஒன்று உண்டு. வாய் அடிக்கடி அமிலமாகவே இருந்தால், அமிலம் பிடிக்காத சாதுவான வகைகள் குறைந்து, அதைத் தாங்குபவை பெருகும். அவற்றில் பேர் போனது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ். 1924இல் லண்டனில் கிளார்க் என்பவர் சூத்தைப் பற்களிலிருந்து பிரித்தெடுத்து அதற்குப் பெயர் வைத்தார். நாம் போடும் சாதாரணச் சீனியிலிருந்து அது ஒருவகைப் பசை செய்து, பல்லோடு ஒட்டிக்கொள்ளும். எச்சில் கழுவினாலும் போகாது. ஆக, சாப்பிடும் விதத்தை வைத்து வாயில் யார் இருப்பது என்பதை நாமேதான் தெரிவு செய்கிறோம். ஐரோப்பாவில் பழங்கால எலும்புக்கூடுகளின் பல்லில் இறுகிப்போன காரையை எடுத்து ஆராய்ந்து 2013இல் வெளியிட்டார்கள். விவசாயம் வந்தபோது வாய்க் கிருமிகளில் ஒரு மாற்றம், தொழிற்புரட்சியோடு மாவும் சீனியும் மலிந்தபோது இன்னொரு மாற்றம், இரண்டும் அந்தக் காரையில் தெரிந்ததாம்.

மகரகமவில் பல் சிகிச்சைப் பயிற்சியில் இருந்தபோது சுவீடன் பரிசோதனை ஒன்றைப் பற்றிப் படித்தோம். விப்பெஹோல்ம் என்ற விடுதியில், மனவளர்ச்சி குன்றிய, மறுத்துச் சொல்லத் தெரியாத ஆட்களுக்கு 1940களில் வேண்டுமென்றே சீனி கொடுத்துப் பார்த்தார்கள். நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. சாப்பாட்டோடு சீனி எடுத்தவர்களுக்குச் சூத்தை அவ்வளவாகக் கூடவில்லை. இடையிடையே ஒட்டும் டொபி தின்றவர்களின் பற்கள்தான் நாசமாயின. உன் கோப்பைக்கும் அதே கதைதான்.

தேத்தண்ணியை நிறுத்து என்று நான் சொல்லமாட்டேன், சொன்னாலும் நீ கேட்கமாட்டாய். சீனி வேண்டுமென்றால் சாப்பாட்டோடு குடித்து முடி. இடையில் வெறும் தேத்தண்ணி, இல்லாவிட்டால் தண்ணீர். சீனியில்லாத சோடா பரவாயில்லையா என்று கேட்காதே, அதில் அமிலம் ஏற்கனவே கலந்துதான் வருகிறது. சீனியுள்ளதற்கு இங்கே இலங்கையில் 2016 முதல் போத்தலில் நிறப்பொட்டு போட வைத்திருக்கிறார்கள். 100 மில்லிலீட்டரில் 11 கிராமுக்கு மேல் சீனி என்றால் சிவப்பு. அப்பா கண்ணாடியைப் போட்டு அந்தப் பொட்டைப் பார்த்துவிட்டு, பிறகும் வாங்கிக்கொண்டுதான் வருகிறார்.

அப்பா என்றதும் நினைவு வருகிறது. கிருமியை ஒழிக்க நீல நிற மவுத்வாஷ் வாங்கினேன் என்றாயே, டாக்டர் சொல்லாமல் அதைத் தினமும் பாவிக்காதே. கீரையிலும் பீட்றூட்டிலும் நைட்ரேட் இருக்கிறது. அது இரத்தத்தில் கலந்து, அதில் காற்பங்கு அளவு எச்சிலுக்குத் திரும்பி வரும். நாக்கின் பின்பக்கத்தில் இருக்கும் கிருமிகள் அதை நைட்ரைட்டாக மாற்றும். விழுங்கிய பிறகு அதிலிருந்து இரத்தக்குழாய்களைத் தளர்த்தும் நைட்ரிக் ஒக்சைட் உண்டாகும். லண்டனில் ஆரோக்கியமான சிலருக்கு ஒரு வாரம் குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ் கொடுத்துப் பார்த்தபோது, நைட்ரைட் குறைந்து பிரஷர் சற்றுக் கூடியது. உன் போத்தலில் இருப்பது அதே மருந்தா என்று எடுத்து வாசி. அப்பாவின் பிரஷர் உனக்கும் வரக்கூடியது, அதனால்தான் சொல்கிறேன். உங்கள் கனடா ஸ்காபரோக் கடைகளில் கீரை கிடைக்காமலா இருக்கிறது? தேங்காய்ப்பூ போட்டு ஒரு வறை வறுக்க எத்தனை நிமிடம்?

இனிச் சின்னவளின் விஷயம். மருமகளிடம் நான் சொன்னதாகச் சொல்லாதே, நீயே கண்டதாகச் சொல். போன கிழமை வீடியோவில் பிள்ளை போத்தலை வாயில் வைத்தபடியே தூங்கிப்போனாள். தூக்கத்தில் எச்சில் நன்றாகக் குறைந்துவிடும். பால், மேல்வாய் முன்பற்களைச் சுற்றித் தேங்கி நிற்கும். சீனியோ ஜூஸோ சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். பாடசாலைக் கிளினிக்குக்கு வந்த பிள்ளைகளின் பல்லைக் காற்றடித்துக் காயவைத்துப் பார்ப்போம். பல்முரசு ஓரமாகச் சுண்ணாம்பு பூசினது போல ஒரு வெள்ளைக் கோடு தெரியும். எச்சில் பட்டால் அது மறைந்துவிடும், அதனால்தான் வீட்டில் யார் கண்ணிலும் படாது. அந்த நிலையில் கண்டுபிடித்தால் துளை போடாமலே, புளோரைட் பூசித் திருப்பலாம். கோடு மண்ணிறமாகிக் குழி விழுந்துவிட்டால் கதை வேறு. போத்தலைத் தூங்க முதலே முடித்து, பல்லைத் துடைத்துவிட்டுப் படுக்கவை. இரவில் கேட்டால் தண்ணீர் போதும். இரண்டு மூன்று இரவு அழுவாள், நீயும்தான் அழுதாய்.

நாளைக்குக் காலையில் அவளை ஜன்னல் பக்கம் மடியில் கிடத்தி, மேலுதட்டைத் தூக்கி, துணியால் பல்லை ஈரம் போகத் துடைத்துவிட்டு ஒரு படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பு. ஃபிளாஷ் போடாதே, வெள்ளைக் கோடு தெரியாமல் போய்விடும்.

அன்புடன்,
அம்மா