ஸ்நூக்கர் கடையை மூடிவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நம் சுங்கை சிப்புட் பட்டணத்து ஸ்நூக்கர் (மேசைமேல் கோலால் பந்தடித்துக் குழியில் தள்ளும் ஆட்டம்) சென்டர்களை இழுத்து மூட வேண்டும், தோட்டத்துப் பிள்ளைகள் கெட்டுப்போவதே அங்கேதான் என்று சென்ற வாரம் வாசகர் ஒருவர் கொதித்துப்போய் எழுதியிருந்தார். அவர் சொன்ன பணப் பந்தயமும் சிகரெட் புகையும் இல்லவே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. ஆனால் 2025 நவம்பரில் டோஹாவில் ஐ.பி.எஸ்.எஃப். என்ற உலக பில்லியர்ட்ஸ், ஸ்நூக்கர் கூட்டமைப்பு நடத்திய உலக மகளிர் ஸ்நூக்கர் போட்டியில், சென்னைப் பெண் அனுபமா ராமச்சந்திரன் ஹாங்காங்கின் இங் ஆன்-யீயை 3-2 என்று வீழ்த்திப் பட்டம் வாங்கினாரே, அந்தப் பெண்ணைப் பெற்றவர்கள் "அங்கெல்லாம் போகாதே" என்று வீட்டிலேயே உட்கார வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

அது அமெச்சூர் போட்டிதானே, தொழில்முறை ஆட்டக்காரர்கள் ஆடுவதில்லையே என்று சிலர் உதட்டைப் பிதுக்குகிறார்கள். 1988-இல் சிட்னியில் உலக அமெச்சூர் பட்டம் வாங்கியவர் பக்கத்து நாடான தாய்லாந்தின் ஜேம்ஸ் வத்தனா. அடுத்த வருஷம் சிங்கப்பூரிலேயே அதே பட்டத்தைத் தூக்கிய அயர்லாந்தின் கென் டோஹர்ட்டி, 1997-இல் தொழில்முறை உலக சாம்பியன் ஆனார். ஸ்டூவர்ட் பிங்காம் கதை இன்னும் மோசம், 1996-இல் அமெச்சூர் பட்டம் வாங்கிவிட்டு 2015 வரை, அதாவது 38 வயது வரை, தொழில்முறை உலகப் பட்டத்துக்காகக் காத்துக் கிடந்தார். அத்தனை வருஷம் பொறுப்பதற்கு வீட்டில் ஆதரவு வேண்டாமா? நம் வீடுகளில் இரண்டாவது வருஷமே "போதும்பா, வேலைக்குப் போ" என்று சொல்லிவிடுவோம்.

வயது விஷயத்துக்கு வருகிறேன், என் ஆதங்கமே அதில்தான். 2014-இல் பெங்களூரில் உலக அமெச்சூர் பட்டம் வாங்கிய சீனப் பையன் யான் பிங்தாவுக்கு அப்போது 14 வயது. அவன் சுங்கை சிப்புட்டில் பிறந்திருந்தால் கடைப்படி ஏறவே முடியாது, 18 வயதுக்குக் கீழ் வரக்கூடாது என்று கதவிலேயே ஒட்டியிருக்கிறார்கள். (ஆட்ட முடிவைப் பணத்துக்கு விற்ற விவகாரத்தில் 2023-இல் அதே யானுக்கு ஐந்து வருஷம் தடை விழுந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அந்த வாசகர் அடுத்த வாரம் அதை எடுத்துப் போடுவார்.) 18 வயதில் நம் பையன் முதல் தடவையாகக் கியூவை, அதாவது ஆட்டக் கோலை, பிடிக்கும்போது மற்ற நாட்டுப் பிள்ளைகள் 16, 18, 21 வயதுக்கு உட்பட்டோர் உலகப் போட்டிகளில் ஆடிப் பழகியிருப்பார்கள். இந்தியாவின் பங்கஜ் அத்வானி 2003-இல் சீனாவில் முதல் உலக ஸ்நூக்கர் பட்டம் வாங்கியதே 18 வயதில்.

தட்டுத் தடுமாறிப் பழகினாலும் அடுத்த தொல்லை மேசை. மழை பெய்த சாயங்காலம் இங்கே ஆடிப் பாருங்கள், துணி ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு பந்து பாதி வழியிலேயே சோம்பி நின்றுவிடும், கறுப்புப் பந்து வைக்கிற இடத்தில் துணி தேய்ந்து பளபளக்கும், குழிக்கு ஓரமாகப் போகும் பந்து ஏதோ ஒரு பக்கம் சாய்ந்து ஓடும். பெரிய போட்டிகளில் துணிக்குக் கீழே இருக்கும் கல் பலகைக்கு அடியில் சூடேற்றி, துணியை உலர்ந்தபடியே வைத்திருப்பார்கள். இங்கே பலமாக அடித்துப் பழகிய கை அங்கே அதே பலத்தில் அடித்தால் வெள்ளைப் பந்து மேசையைச் சுற்றி வந்து வேறெங்கோ போய் நிற்கும். முதல் சுற்றிலேயே தோற்றுத் திரும்புகிற பையனை "திறமை இல்லை" என்று சொல்லிவிடுகிறோம். விமானச் சீட்டுக்கும் ஹோட்டலுக்கும் அவன் அப்பா யாரிடம் கைமாற்று வாங்கினார் என்று யாரும் கேட்பதில்லை.

இன்னொன்று, இது துரைமார் கிளப் ஆட்டம், நமக்கு எதற்கு என்று பெரியவர்கள் சிலர் சொல்வார்கள். ஆட்டம் ஜபல்பூரில் வெள்ளைக்கார ராணுவத்தார் கண்டுபிடித்ததுதான், சரி. ஆனால் அதன் விதிகளை எழுதி மாட்டிய இடம் நம் ஊட்டி கிளப்.

மூடுவதற்குப் பதில் நகராட்சி ஒரு காரியம் செய்யலாம். சனி, ஞாயிறு காலையில் சில மணி நேரம், அப்பாவோ அம்மாவோ கூட இருந்தால் 12 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளை உள்ளே விடட்டும். அந்த நேரத்தில் சிகரெட்டும் பந்தயமும் கூடாது, மீறினால் உரிமத்தைப் பிடுங்கட்டும். கடைக்காரருக்கும் காலையில் சும்மா கிடக்கும் மேசைக்கு நாலு வெள்ளி கிடைக்கும். உங்கள் பத்திரிகையும் அடுத்த உலக அமெச்சூர் போட்டி நடக்கும்போது முடிவுகளைத் தினமும் ஒரு மூலையில் போடுங்கள், கால்பந்துப் பக்கத்தில் கொஞ்சம் இடம் குறைந்தால் ஒன்றும் ஆகிவிடாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சுங்கை சிப்புட், பேராக்.