எங்கள் அடுத்த கிளை ஏன் உங்கள் ஊரில் இல்லை?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

"எங்கள் ஊருக்கு எப்போது வருவீர்கள்?" என்று எங்கள் மளிகைக் கடைகளின் கல்லாவில் இருக்கும் பிள்ளைகளிடம் யாராவது கேட்காத நாள் இல்லை. புதுக் கிளை திறக்கும் செய்தி வரும்போதெல்லாம், வெகு தூரத்திலிருந்து வந்து வாங்கிப் போகிறவர்களுக்கு மனத்தாங்கல் ஏற்படுவதும் எங்களுக்குத் தெரியும். காரணத்தை நேராகச் சொல்லிவிடுவதுதான் முறை.

கடைக்கு இடம் பிடிப்பது எளிது. அங்கே நாள் தவறாமல் சரக்குக் கொண்டு சேர்ப்பதுதான் பெரும்பாடு. மளிகையில் ஒரு பொருளுக்கு நிற்கும் லாபம் மிகச் சிறியது. சரக்கு வேகமாகக் கைமாறினால்தான் கடை நடக்கும். பாதி காலியான லாரி நெடுந்தூரம் ஓடினால், அந்தச் சின்ன லாபமும் டீசலிலேயே கரைந்துவிடும். பிறகு விலையை ஏற்றுவதைத் தவிர வழியிருக்காது.

ஒருமுறை இதை மறந்துவிட்டோம். நல்ல இடம் அமைந்ததே என்று கிடங்கிலிருந்து மிகத் தொலைவில் ஒரு கிளை திறந்தோம். விடிகாலையில் இறங்க வேண்டிய பால் வெயில் ஏறிய பிறகு வந்தது. கீரை வாடிக் கிடந்தது. ஒரு அம்மா தயிர்ப் பொட்டலத்தைத் திருப்பிக் காலாவதித் தேதியைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனார். திட்டியிருந்தால்கூட எங்களுக்கு மனம் ஆறியிருக்கும். அந்தக் கிளையை மூடினோம். எங்களை நம்பி அங்கே வந்தவர்களிடம் இன்றும் மன்னிப்புக் கேட்கிறோம்.

1962-இல் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் முதல் வால்மார்ட் கடையைத் திறந்த சாம் வால்டன், கிடங்கிலிருந்து ஒரு நாளில் லாரி போய்ச் சேரும் தூரத்துக்குள்தான் கடைகளைப் பரப்பினார். ஒரு வட்டாரம் நிறைந்த பிறகே அடுத்த வட்டாரம். அவ்வளவு பெரிய நிறுவனத்தோடு எங்களை ஒப்பிடவில்லை. ஆனால் அந்தக் கணக்கு எங்களுக்கும் பொருந்துகிறது. அதனால் அடுத்த கிளை, இப்போது லாரி போகும் தடத்திலேயே வருகிறது. தொலைவில் இருப்பவர்களுக்கு, அந்தப் பக்கம் ஒரு துணைக் கிடங்கு அமைந்த பிறகுதான் எங்களால் வாக்குக் கொடுக்க முடியும்.

இன்னொன்று. கிளைகள் பெருகும்போது சிறு உற்பத்தியாளர்கள் விடுபட்டுப்போவது இந்தத் தொழிலில் வழக்கம். எல்லாக் கிளைகளுக்கும் கொடுக்கும் அளவுக்கு அவர்களிடம் சரக்கு இருக்காது. அந்த வழக்கத்தை நாங்கள் ஏற்கவில்லை. யாரால் எத்தனை கிளைகளுக்குத் தர முடிகிறதோ, அத்தனை கிளைகளில் அவர்கள் பொருள் இருக்கும். ஒரு கிளையில் கிடைப்பது மற்றொன்றில் இல்லாததற்கு இதுதான் காரணம். நீங்கள் வழக்கமாக வாங்கும் பொருள் தட்டில் இல்லையென்றால் கல்லாவில் சொல்லுங்கள். எழுதி வைத்து, அடுத்த லாரியில் வருமா வராதா என்று அப்போதே பதில் சொல்வார்கள்.

நன்றியுடன்,
கடை நிர்வாகத்தினர்