சாவியைக் கைமாற்றிய நாள்

அன்புள்ள சேனாதிபதிக்கு,

ஏழு மாதமாக உன் கடிதத்துக்குப் பதில் போடாமல் இருந்தது தப்புதான். வீட்டில் எல்லோரும் நலம். மூத்தவளுக்கு மாற்றல் வந்துவிட்டது, சின்னவன் இன்னும் அதே பிடிவாதத்தில்தான் இருக்கிறான். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மருத்துவர் சொன்ன நடையை நடக்கிறாயா, இல்லை அதுவும் நம் ஹிந்தி வகுப்பு மாதிரி நாளையிலிருந்துதானா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பதினான்கு வருடமாக நான் சுமந்துகொண்டிருந்த சங்கப் பொறுப்பைப் போன மாதம் ஓர் இளைஞரிடம் ஒப்படைத்துவிட்டேன். கணக்குப் புத்தகம், முத்திரை, ரசீதுக் கட்டு எல்லாவற்றையும் கொடுத்துக் கையெழுத்தும் போட்டாயிற்று. பீரோ சாவியை மட்டும் கை விடவே இல்லை. அவர் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார், நான் அந்தப் பூட்டை எப்படித் திருப்ப வேண்டும் என்று மூன்றாவது தடவையாக விளக்கிக்கொண்டிருக்கிறேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை. ஒரு பீரோ சாவிக்கே மனசு இப்படிப் பிடித்துக்கொள்கிறது என்றால், நாட்டையே கையில் வைத்திருந்தவர்கள் அதை எப்படி விட்டிருப்பார்கள்?

உன் கடைசிக் கடிதத்தில் ஒரு வரி எழுதியிருந்தாய். "இந்தக் கூச்சல் எல்லாம் வேண்டாம், உறுதியான ஒரே ஒரு கை இருந்தால் போதும், எல்லாம் சரியாகிவிடும்" என்று. அதுதான் என்னைத் தொந்தரவு செய்துகொண்டே இருந்தது. அன்றிலிருந்து அலமாரியில் இருக்கும் வரலாற்றுப் புத்தகங்களை எல்லாம் இந்த ஒரு கேள்வியோடு மறுபடி படித்து வருகிறேன். அந்தக் கை ஓய்ந்த மறுநாள் என்ன ஆயிற்று?

மாடிப்படியில் உட்கார்ந்து எத்தனை சாயங்காலம் சண்டை போட்டிருப்போம், யார் பெரிய ஆள் என்று! உனக்கு அலெக்சாண்டர், எனக்கு செங்கிஸ்கான். யார் எவ்வளவு நிலம் பிடித்தார் என்றுதான் பார்த்தோமே தவிர, அவர்கள் செத்த மறுநாளைப் பற்றி நாம் ஒரு நாளும் பேசியதில்லை. கணக்கு சார் ஒருவர்தான் "அப்புறம்? அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். அவரை நாம் சிரித்து அனுப்பிவிடுவோம்.

உன் அலெக்சாண்டர் கி.மு. 323-இல் பாபிலோனில் இறக்கும்போது வயது 32. பிள்ளை இன்னும் பிறக்கவே இல்லை. பதினைந்து வருடத்துக்குள் அவருடைய தாய், மனைவி, பிறகு பிறந்த அந்தப் பையன் மூவரையும் அவருக்குக் கீழே இருந்தவர்களே தீர்த்துக்கட்டினார்கள். நிலம் தளபதிகளுக்குப் பங்காயிற்று. என் செங்கிஸ்கான் பரவாயில்லை, மகன் ஒகெடெய்தான் அடுத்தவர் என்று உயிரோடு இருக்கும்போதே முடிவு செய்திருந்தார். ஆனால் அது ஒரு தலைமுறைக்குத்தான் தாங்கியது. 1259-இல் பேரன் மோங்கே இறந்த செய்தி வந்ததும், சிரியாவில் இருந்த தம்பி ஹுலாகு பெரும்பகுதிப் படையோடு திரும்பிவிட்டார். மிச்சமிருந்த படை 1260-இல் பாலஸ்தீனத்தில் அயின் ஜாலூத் என்ற இடத்தில், எகிப்தை ஆண்ட மம்லூக்குகளிடம் தோற்றது. கிழக்கே குப்ளாயும் இன்னொரு தம்பியும் நான்கு வருடம் அடித்துக்கொண்டார்கள். மங்கோலியப் பேரரசு அதற்குப் பிறகு ஒன்றாக இருக்கவே இல்லை.

சீனாவின் முதல் பேரரசர் சின் ஷி ஹுவாங் கதைதான் என்னை உலுக்கிவிட்டது. கி.மு. 221-இல் ஆறு நாடுகளை வென்று ஒன்றாக்கியவர். எழுத்து, நாணயம், எடைக்கல், வண்டி அச்சின் அகலம் வரைக்கும் ஒரே அளவாக்கியவர். நீ சொல்லும் உறுதியான கை என்றால் இதைவிட உறுதியானது கிடையாது. கி.மு. 210-இல் பயணத்தின்போது இறந்துபோனார். கூட இருந்த அமைச்சரும் ஓர் அரண்மனை அதிகாரியும் சாவை மறைத்தார்கள். மூடிய வண்டிக்குள் வேளாவேளைக்கு உணவு போனது, அறிக்கைகள் போயின. பிண நாற்றம் தெரியாமலிருக்க உப்பு மீன் ஏற்றிய வண்டிகளைக் கூடவே ஓட்டினார்களாம். மூத்த மகன் தற்கொலை செய்துகொள்ள வேண்டும் என்று அப்பா பெயரில் பொய்யாணை ஒன்று போனது. அவன் அதை நம்பி அப்படியே செய்தான். நான்கு வருடத்துக்குள் வம்சமே முடிந்தது. அந்தக் கருவாட்டு வண்டி என் கண்ணை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. வண்டிக்குள் இருப்பவர் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்கும் தைரியம் அத்தனை பேரில் ஒருவருக்கும் இல்லை பார்.

ரோமாபுரிக்கு வருவோம், உனக்குப் பிடித்த இடம். நல்ல சக்கரவர்த்திகள் ஐந்து பேர் வரிசையாக வந்தார்களே என்று நீ வாதாடுவாய். கி.பி. 96-லிருந்து 180 வரை, 84 வருடம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவர்களில் முதல் நான்கு பேருக்கு வாரிசாக மகன் இல்லை. அதனால்தான் தகுதியுள்ள ஆளைத் தேடித் தத்தெடுத்தார்கள். ஐந்தாமவர் மார்க்கஸ் அரேலியஸ் தத்துவஞானி. அவருக்கு மகன் இருந்தான். அவ்வளவு படித்த மனிதர் ஆட்சியைக் கொமோடஸ் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அவன் 192-இல் கொல்லப்பட்டான். அடுத்து வந்தவரை மூன்றே மாதத்தில் காவற்படை கொன்றது. பிறகு அதே படை பேரரசை ஏலம் விட்டது. சொல்லுக்காகச் சொல்லவில்லை, உண்மையான ஏலம். படைவீரர் ஆளுக்கு 25,000 செஸ்டர்ஸ் (ரோமானிய நாணயம்) தருகிறேன் என்று டிடியஸ் ஜூலியானஸ் எடுத்தார். 66 நாள் இருந்தார், அப்புறம் அவர் தலையும் போயிற்று. மகன் மேல் உள்ள பாசத்துக்கு மார்க்கஸ் அரேலியஸே தோற்றார் என்றால் யாரை நம்புவது, சொல்.

இந்தச் சிக்கல் அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு வழி தேடியிருக்கிறது. துருக்கி சுல்தான்கள் கண்ட வழி, அண்ணன் தம்பிகளைக் கொன்றுவிடுவது. 1595-இல் மூன்றாம் மெஹ்மெத் 19 சகோதரர்களைக் கொல்லச் செய்தார். அதில் கைக்குழந்தைகளும் உண்டு. அப்புறம் மனம் இளகி, கொல்லாமல் அரண்மனைக்குள் அடைத்து வைத்தார்கள். அதில் சிலர் உலகமே தெரியாமல் வளர்ந்தார்கள். ஏறக்குறைய 40 வருடம் அடைபட்டிருந்த இரண்டாம் சுலைமானைச் சிம்மாசனத்தில் ஏற்ற ஆட்கள் போனபோது, கொல்லத்தான் வந்திருக்கிறார்கள் என்று அவர் நினைத்தாராம். சீனாவில் யுங்செங் பேரரசர் வேறு மாதிரி யோசித்தார். வாரிசின் பெயரை எழுதிப் பெட்டியில் வைத்து, அரண்மனை மண்டபத்தில் உயரே மாட்டியிருந்த பெயர்ப்பலகைக்குப் பின்னால் வைத்துவிட்டார். செத்த பிறகு திறந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்று. புத்திசாலித்தனம்தான். ஆனாலும் அந்தப் பெட்டிக்குள் இருப்பது ஒரே ஒருவருடைய விருப்பம்.

இப்போது நான் சொல்லப்போவதைக் கேள், இதற்காகத்தான் பேனாவை எடுத்தேன். உத்திரமேரூர்க் கல்வெட்டு நமக்குத் தெரியும். பராந்தக சோழன் காலம், கி.பி. 919, 921. ஊரை நிர்வகிக்கும் வாரியங்களுக்கு, அதாவது குழுக்களுக்கு, ஆள் எடுக்க ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். முந்தைய மூன்று வருடத்துக்குள் வாரியத்தில் இருந்தவன் பெயர் போகக்கூடாது. கணக்குக் காட்டாதவன் பெயரும் போகக்கூடாது, அவன் உறவினர் பெயரும் போகக்கூடாது. இது ஓர் ஊர்ச் சபைக்குத்தான், அதிலும் நிலமுள்ள அந்தணருக்கு மட்டும்தான் இடம். அதை மறைக்க வேண்டாம். 1268-இல் வெனிஸ் நகரக் குடியரசு தன் தலைவரைத் தேர்ந்தெடுக்க ஒரு முறை வகுத்தது. அங்கேயும் சீட்டு எடுப்பது ஒரு சிறுவன்! தேவாலய வாசலில் முதலில் கண்ணில் படும் பையனைக் கூட்டிவருவார்களாம். சீட்டில் 30 பேர், அவர்களில் சீட்டில் 9 பேர். அந்த 9 பேர் 40 பேரைப் பொறுக்குவார்கள், சீட்டு அவர்களை 12 ஆக்கும். 12 பேர் 25 பேரை, சீட்டில் 9. 9 பேர் 45 பேரை, சீட்டில் 11. 11 பேர் பொறுக்கிய 41 பேர்தான் கடைசியில் தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள். படிக்கும்போது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். ஆனால் யாருக்கு லஞ்சம் கொடுப்பது என்று எவனுக்கும் தெரியாது பார்! அங்கேயும் உயர்குடியினருக்கு மட்டும்தான் வாய்ப்பு. ஆனாலும் அந்த முறை 500 வருடத்துக்கு மேல் நின்றது. 1355-இல் ஒரு தலைவர் ஆட்சி முழுவதையும் தன் கைக்கே கொண்டுவரச் சதி செய்தார். தலையை எடுத்தார்கள். பேரவை மண்டபத்தில் தலைவர்களின் படங்கள் வரிசையாக இருக்கும் இடத்தில், அவர் படம் இருக்கவேண்டிய இடத்தில் இன்றைக்கும் கறுப்புத் துணிதான் தீட்டப்பட்டிருக்கிறது.

ஆயிரக்கணக்கான மைல் தள்ளி, ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு கூட்டம். இரண்டும் ஒரு குழந்தையின் கையைத்தான் நம்பியிருக்கிறது. இதைப் படித்த அன்று உன்னைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் போல இருந்தது. இரவு பதினொரு மணி என்பதால் விட்டுவிட்டேன்.

நெப்போலியனின் படை 1797 மே மாதம் வெனிஸ் குடியரசை முடித்து வைத்தது. அதே வருடம் மார்ச்சில் அமெரிக்காவின் முதல் அதிபர் வாஷிங்டன் பதவியை அடுத்த அதிபர் ஜான் ஆடம்ஸிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார். எல்லோரும் வாஷிங்டனைப் புகழ்வார்கள். எனக்கு ஆடம்ஸ்தான் பெரியவராகத் தெரிகிறார். 1800 தேர்தலில் ஜெபர்சனிடம் தோற்றார். இருவருக்கும் கடும் பகை இருந்த காலம். படை ஆடம்ஸ் கையில்தான் இருந்தது. 1801 மார்ச் 4 அன்று விடிவதற்கு முன்பே வண்டி ஏறி ஊருக்குப் போய்விட்டார், பதவியேற்பு விழாவுக்குக்கூட நிற்கவில்லை. கோபம் இருந்தது, வருத்தம் இருந்தது. இருந்தும் சாவியை வைத்துவிட்டுத்தான் போனார். உன் அலெக்சாண்டரும் என் செங்கிஸ்கானும் ஜெயித்த எல்லாப் போரையும்விட அந்த விடியற்காலை வண்டிப் பயணம் கடினமானது என்று இன்றைக்கு நான் நினைக்கிறேன்.

கோபப்படாதே. நீ ஏன் அப்படி எழுதினாய் என்று எனக்குத் தெரியும். உன் மகன் விஷயத்தில் அந்த அலுவலகம் உன்னை எத்தனை முறை அலைய விட்டது என்று மறக்கவில்லை. அந்த அலுப்பில் யாருக்கும் ஒரு பலமான கை வேண்டும் என்றுதான் தோன்றும். நானும் அந்த வரிசையில் நின்றவன்தான். ஆனால் அந்தக் கையை ஒருமுறை உள்ளே விட்டுவிட்டால் வெளியே எடுக்க என்ன வழி என்று நீ ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. அதற்கு எனக்குப் பதில் வேண்டும். பூசி மெழுகாமல், பழைய மாதிரி சண்டை போட்டே எழுது.

அக்காவிடம் நான் கேட்டதாகச் சொல். அடுத்த மாதம் வருகிறாய் என்றால் நம் பழைய வரைபடப் புத்தகத்தையும் எடுத்துவா. அலெக்சாண்டரின் எல்லையைச் சிவப்பு மையில் கோடு போட்டு வைத்திருக்கிறாயே, அதே பக்கத்தில் அவர் இறந்து இருபது வருடம் கழித்து இருந்த எல்லைகளை நீல மையில் போட வேண்டும். பேனா என்னிடம் இருக்கிறது.

அன்புடன்,
உன் பழைய மாடிப்படி எதிரி