உயர்தர மாணவர்களை ஆரம்ப வகுப்பு ஆங்கிலப் பாடத்தில் உள்ளகப் பயிலுநர்களாக இணைக்க அனுமதி கோரும் மனு

பெறுநர்:
மாகாணக் கல்விப் பணிப்பாளர்,
மாகாணக் கல்வித் திணைக்களம்,
கிழக்கு மாகாணம்,
திருகோணமலை.

ஊடாக:
வலயக் கல்விப் பணிப்பாளர், திருகோணமலை
வலயக் கல்விப் பணிப்பாளர், மூதூர்

அனுப்புவோர்:
கீழே ஒப்பமிட்டுள்ள ஆங்கில ஆசிரியர்கள், ஓய்வுபெற்ற ஆசிரிய ஆலோசகர்கள், பெற்றோர்.

ஐயா / அம்மணி,

தரம் 12 மாணவர்களில் விரும்பி முன்வருவோரை, தரம் 3, தரம் 4 வகுப்புகளின் ஆங்கிலப் பாடவேளைகளில் ஒரு தவணைக்கு உள்ளகப் பயிலுநர்களாக இணைத்துக்கொள்ள அனுமதி வழங்குமாறு கேட்டுக்கொள்கிறோம். முதலில் திருகோணமலை, மூதூர் வலயங்களில் தலா மூன்று பாடசாலைகள், பாடசாலைக்கு நான்கு பயிலுநர்கள், மொத்தம் 24 பேர். திட்டம் தொடங்கும் தவணையில் இதற்குமேல் வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. அனுபவம் இல்லாமல் திருகோணமலை மாவட்டத்தின் ஐந்து வலயங்களிலும் ஒரே நேரத்தில் தொடங்கினால், மேற்பார்வை செய்ய ஆளில்லாமல் போய்விடும்.

தரம் 1, 2இல் செயற்பாட்டு அடிப்படையிலான வாய்மொழி ஆங்கிலமும், தரம் 3இலிருந்து முறையான ஆங்கிலப் பாடமும் நடைபெறுவது தாங்கள் அறிந்ததே. பாடத்திட்டத்தில் குறை சொல்ல நாங்கள் வரவில்லை. குறை நேரத்தில் இருக்கிறது. 40 நிமிடப் பாடவேளையில் வரவு, கொப்பி விரித்தல், கரும்பலகையில் எழுதுதல் என்று 10 நிமிடம் போனால் மிஞ்சுவது 30. வகுப்பில் 32 பிள்ளைகள் இருந்தால் ஆளுக்கு ஒரு நிமிடமும் வராது. எல்லாரும் ஒரே குரலில் ஆசிரியரைத் தொடர்ந்து சொல்கிறார்கள். அந்தக் கூட்டுக் குரலுக்குள் வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருக்கும் பிள்ளையை எந்த ஆசிரியராலும் கண்டுபிடிக்க இயலாது. அந்தப் பிள்ளை தரம் 6க்குப் போனபின்தான் எழுத்துக் கூட்டவே வராது என்பது வெளியே தெரிகிறது.

பக்கத்தில் அமர்ந்து கேட்பதற்கு ஒரு ஆள் வேண்டும். கற்பிப்பதற்கு அல்ல, கேட்பதற்கு. இந்த வேறுபாட்டைத் தங்கள் சுற்றுநிருபத்திலேயே தெளிவாக எழுதவேண்டும் என்பது எங்கள் வேண்டுகோளின் மையம்.

ஆங்கிலம் கற்போருக்கான கல்வி ஒரு தனித் துறையாக வளர்ந்த நாடுகளில் அமெரிக்கா முக்கியமானது. ஆங்கிலம் விளங்காத சீனப் பிள்ளைகளுக்கு மற்றவர்களுக்குரிய அதே புத்தகத்தையும் அதே ஆசிரியரையும் கொடுத்துவிட்டால் மட்டும் சம வாய்ப்பு ஆகிவிடாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் லாவ் எதிர் நிக்கல்ஸ் வழக்கில் 1974இல் தீர்ப்பளித்தது. இப்படியான வகுப்புகளில் உயர்நிலைப் பாடசாலை மாணவர் உள்ளகப் பயிற்சி பெறுவதும் அங்கே உண்டு. ஆனால் அதை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. அங்குள்ள பிள்ளை வகுப்பை விட்டு வெளியே வந்தால் கடையிலும் பஸ்ஸிலும் ஆங்கிலம் கேட்கும். சம்பூரிலோ ஈச்சிலம்பற்றிலோ உள்ள பிள்ளைக்கு ஆங்கிலம் அந்த 40 நிமிடத்தோடு முடிந்துவிடுகிறது. நிலாவெளிக் கரையில் சுற்றுலாப் பயணிகளோடு பேசிப் பழகிய சில பிள்ளைகள் விதிவிலக்கு. அவர்கள் படபடவென்று பேசுவார்கள், புத்தகத்தை விரித்தால் நின்றுவிடுவார்கள். பேச்சு ஆங்கிலமும் பாட ஆங்கிலமும் வேறு என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

எமது வலயங்களில் பயிலுநரை மிகவும் தேவைப்படுத்துவது ஒலி. தமிழில் பகரம் ஒன்றுதான், ககரம் ஒன்றுதான், டகரம் ஒன்றுதான். பிள்ளைகள் ஆங்கிலச் சொல்லின் மேல் பென்சிலால் தமிழ் எழுத்தில் உச்சரிப்பை எழுதி வைத்துக்கொள்வது எல்லா வகுப்பிலும் உள்ள பழக்கம். ‘பிக்’ என்று எழுதி வைத்தால் அது பன்றியா, பெரியதா, தெரிந்தெடுப்பதா என்று மறுநாள் அந்தப் பிள்ளைக்கே தெரியாது. ‘ரீச்சர்’ என்று ரகரம் போட்டு எழுதிப் பழகிய கைக்கு, வாசிப்பதைக் குறிக்கும் ‘ரீட்’ என்ற சொல்லுக்கும் அதே ரகரம்தான். ஆங்கிலத்திலோ முதலாவது சொல் தொடங்கும் எழுத்து வேறு, இரண்டாவது தொடங்கும் எழுத்து வேறு. எனவே பயிலுநர் முதல் நாளிலேயே கடைப்பிடிக்க வேண்டிய விதி, சொல்லின் மேல் தமிழில் எழுத விடக்கூடாது, தானும் எழுதிக் கொடுக்கக்கூடாது என்பது. அதற்குப் பதிலாகச் சொல்லின் கீழே சிறு படம் வரையலாம்.

ஒலியைக் காட்டும் வழிகள் எளியவை. உதட்டுக்கு முன்னால் நான்கு விரற்கடை தள்ளி மெல்லிய தாள் துண்டைப் பிடித்துக்கொண்டு, பேனைக்குரிய ஆங்கிலச் சொல்லைச் சொன்னால் தாள் ஆடும். அமரும் வாங்குக்குரிய சொல்லைச் சொன்னால் ஆடாது, அல்லது மிகச் சிறிதே ஆடும். (கச்சான் காற்று வீசும் மாதங்களில் யன்னலோரத்தில் இதைச் செய்தால் எல்லாச் சொல்லுக்கும் தாள் ஆடும். உள் மூலைக்குப் போகவேண்டும்.) மேற்பல் கீழுதட்டைத் தொடும் ஒலிக்கு ஒரு சிறு முகக்கண்ணாடி போதும். தொண்டையில் விரல் வைத்தால் அதிர்வு உள்ள ஒலியும் இல்லாத ஒலியும் பிள்ளைக்கே பிடிபடும். ஒரு நாளைக்கு ஒரு சோடி ஒலிக்கு மேல் எடுத்தால் இரண்டும் குழம்பும்.

அடுத்தது வாக்கியம். தமிழில் “அவ ரீச்சர்” என்றால் வாக்கியம் முடிந்துவிட்டது. அதனால் பிள்ளை ஆங்கிலத்திலும் “ஷீ ரீச்சர்” என்கிறது. இது சோம்பலால் வரும் பிழை அல்ல, தாய்மொழியின் அமைப்பு. “பிழை” என்று பயிலுநர் வெட்டிச் சொன்னால் பிள்ளை அடுத்த முறை வாய் திறக்காது. “யெஸ், ஷீ இஸ் எ ரீச்சர்” என்று முழு வாக்கியத்தைத் தானே சாதாரணமாகச் சொல்லிவிட்டு மேலே போகவேண்டும். திரும்பச் சொல்லும்படி கேட்கத் தேவையில்லை. இதைப் பயிற்சி இல்லாமல் செய்வது கடினம், ஏனெனில் பயிலுநர்கள் தாமே சிவப்புப் பேனையால் திருத்தப்பட்டு வளர்ந்தவர்கள். கேள்வி கேட்டபின் மனதுக்குள் ஐந்து வரை எண்ணிக் காத்திருப்பதும் அப்படித்தான். பதினாறு, பதினேழு வயதில் மௌனத்தைத் தாங்குவது சிரமம். உடனே தமிழில் அர்த்தத்தைச் சொல்லிவிடுவார்கள். புதிய மொழியைக் கேட்கும் பிள்ளை சில வாரங்கள் பேசாமல் கேட்டுக்கொண்டே இருப்பது இயல்பு என்று அவர்களுக்கு முன்கூட்டியே சொல்லி வைக்கவேண்டும். தமிழே பேசக்கூடாது என்றும் இல்லை. செய்யவேண்டியதை விளக்கவும் அழும் பிள்ளையைத் தேற்றவும் தமிழ்தான் சரி. வாக்கியம் வாக்கியமாக மொழிபெயர்ப்பதுதான் கூடாது.

நேர ஒழுங்கை இவ்வாறு முன்மொழிகிறோம். பத்து வாரங்கள், வாரத்தில் இரண்டு நாள், ஒவ்வொரு நாளும் அடுத்தடுத்த இரண்டு பாடவேளை, அதாவது 80 நிமிடம். முதல் இரண்டு வாரம் பயிலுநர் வகுப்பின் பின் வாங்கில் அமர்ந்து பார்ப்பது மட்டுமே. எட்டு வாரம் குழு வேலை. இவ்விரண்டும் சேர்ந்து 26 மணி 40 நிமிடம். தொடங்குமுன் இரண்டு சனிக்கிழமைகளில் 6 மணிப் பயிற்சி. வாரந்தோறும் வகுப்பாசிரியருடன் 20 நிமிடக் கலந்துரையாடல், பத்து வாரத்துக்கு 3 மணி 20 நிமிடம். மொத்தம் 36 மணி.

குழுவுக்கு நான்கு பிள்ளைகள், குழுவுக்கு 20 நிமிடம், ஒரு பயிலுநருக்கு நாளொன்றுக்கு நான்கு குழுக்கள். வகுப்புக்கு இரண்டு பயிலுநர் என்றால் 32 பிள்ளைகளும் ஒரே நாளில் ஒருவர் முன் வாய்விட்டு வாசித்துப் பேசியிருப்பர். ஆசிரியர் அதே நேரத்தில் மற்ற 24 பேருக்கு வழமையான பாடத்தை நடத்துவார். கெட்டிக்காரப் பிள்ளைகளை மட்டும் பொறுக்கி ஒரு குழுவாக்கும் ஆசை எல்லாருக்கும் வரும், அவர்களோடு வேலை சுகம். வரவுப் பதிவேட்டு ஒழுங்கில் குழு பிரித்தால் அந்த ஆசைக்கு இடமில்லை.

பிற்பகலில் வைக்கலாமே என்று கேட்கலாம். பாடசாலை விட்டதும் சிறுவர்களுக்குப் பசி, பஸ் போய்விடும், உயர்தர மாணவருக்குத் தனியார் வகுப்பு. மூன்று காரணங்களில் ஒன்றே திட்டத்தைக் குலைக்கப் போதும். மாறாக, தரம் 12இன் பொது ஆங்கிலப் பாடவேளைகள் இருக்கின்றன. பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளியில் அப்பாடம் சேர்வதில்லை என்பதால் அதன் மீது மாணவருக்குள்ள அக்கறை எவ்வளவு என்பது அதிபர்களுக்குத் தெரியும். அதே பாடவேளைகளை நேரசூசியில் அடுத்தடுத்து வைத்தால் பயிலுநர் வேறு எந்தப் பாடத்தையும் இழக்கமாட்டார். ஆரம்பப் பிரிவும் உயர்தரமும் ஒரே வளவில் உள்ள பாடசாலைகளையும், நடந்து போகும் தூரத்தில் உள்ளவற்றையும் முதலில் தெரிவுசெய்யக் கேட்பது இதனால்தான்.

தரம் 5ஐ வேண்டுமென்றே தவிர்த்துள்ளோம். புலமைப்பரிசில் ஆயத்தம் அங்கே எல்லாப் பாடவேளையையும் விழுங்கிவிடும். தொடங்குவதற்கு இரண்டாம் தவணை உகந்தது. வாடைமழைக் காலத்தில் வெருகல் பக்கம் வரவு குறையும், அட்டைகளும் ஈரத்தில் சுருளும். தோப்பூர், மூதூர் முஸ்லிம் பாடசாலைகளின் தவணை நாட்காட்டி நோன்பு விடுமுறையால் வேறுபடுவதால், அவற்றுக்குத் தொடக்கத் திகதியைத் தனியாக நிர்ணயிக்கவேண்டும்.

தங்கள் தலையீடு இல்லாமல் தீர்க்க முடியாதவை இரண்டு. க.பொ.த. உயர்தரப் பரீட்சைக்குப் பாடசாலை மூலம் தோற்ற 80 வீத வரவு வேண்டும். பயிலுநராகச் செலவிடும் பாடவேளைகள் வருகையாகவே பதியப்படும் என்று எழுத்தில் இல்லாவிட்டால் எந்தப் பெற்றோரும் கையெழுத்திடமாட்டார், இடவும் கூடாது. மற்றது, நகரின் தேசியப் பாடசாலைகள் மத்திய கல்வி அமைச்சின் கீழும், பயிலுநரை ஏற்கும் சிறிய பாடசாலைகள் மாகாணத்தின் கீழும் உள்ளன. தேசியப் பாடசாலை மாணவர் மாகாணப் பாடசாலை வளவுக்குள் போக இரு பக்க அனுமதியும் வேண்டும். அதிபர்கள் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும் என்று விட்டால், ஒரு சிறு விபத்து நடந்தாலும் பொறுப்பு யாருடையது என்ற கேள்வியோடு திட்டம் நின்றுவிடும்.

பிள்ளைகளின் பாதுகாப்பில் விட்டுக்கொடுப்பு இருக்கக்கூடாது. பயிலுநர் எப்போதும் ஆசிரியரின் கண்ணுக்கெட்டும் இடத்திலேயே, கதவு திறந்த அறையில் இருக்கவேண்டும். தனியே ஒரு பிள்ளையோடு இருத்தல், கைப்பேசியில் படம் எடுத்தல், பிள்ளையின் வீட்டுக்குச் செல்லல் மூன்றும் தடை. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற தொலைபேசி இலக்கத்தைப் பயிற்சியின் முதல் மணித்தியாலத்திலேயே எழுதிக் கொடுக்கவேண்டும். ஒரு பிள்ளை பயிலுநரிடம் மனம் திறந்து எதையாவது சொன்னால், அதை இரகசியமாக வைப்பதாக வாக்குக் கொடுக்காமல் அன்றே வகுப்பாசிரியரிடம் சொல்லவும் பழக்கவேண்டும்.

இனி, எல்லா நல்ல திட்டங்களையும் கெடுக்கும் ஒன்று. ஆசிரியர் விடுமுறையில் போகும் நாளில் “பயிலுநர் இருக்கிறாரே” என்று வகுப்பை அவரிடம் ஒப்படைப்பது. ஒரு முறை நடந்தால் அது வழக்கமாகிவிடும், ஆசிரியர் வெற்றிடமும் கடதாசியில் மறைந்துவிடும். ஆங்கில ஆசிரியர் வராத நாளில் பயிலுநர் தன் வகுப்புக்குத் திரும்பவேண்டும் என்று சுற்றுநிருபத்தில் ஒரு வரி வேண்டும்.

தெரிவுக்குச் சாதாரண தர ஆங்கிலத்தில் ‘ஏ’ பெற்றவர் மட்டும் என்று வைக்கவேண்டாம். ‘சி’ அல்லது அதற்கு மேல் பெற்றவர்களைத் தரம் 3 பிள்ளை ஒருவருக்கு ஐந்து நிமிடம் கதைப்புத்தகம் வாசித்துக் காட்டச் சொன்னால் போதும். புத்தகத்தைத் தன் பக்கம் பிடிக்கிறாரா பிள்ளையின் பக்கம் பிடிக்கிறாரா என்பதிலேயே பாதி தெரிந்துவிடும்.

செலவு சிறியது. பயிலுநர் ஒருவருக்கு நான்கு பிறிஸ்டல் போட் தாள்கள். ஒன்றை நீளத்திலும் அகலத்திலும் நான்கு நான்காக வெட்டினால் 16 மின்னட்டை (சொல்லை எழுதிக் காட்டும் சிறு அட்டை), ஆக 64 அட்டை. இரண்டு மார்க்கர் பேனை, ஒரு முகக்கண்ணாடி, ஒரு 80 பக்கக் கொப்பி. பாடசாலை நூலகத்திலிருந்து பன்னிரண்டு எளிய ஆங்கிலக் கதைப்புத்தகங்கள். கொப்பியில் பிள்ளைக்கு வாரம் ஒரு வரி போதும்: தூண்டாமல் தானாகச் சொன்ன சொற்கள் எவை, தடுக்கிய ஒலி எது. மூன்றாம் வாரத்திலும் பத்தாம் வாரத்திலும் அதே 20 அட்டைகளைக் காட்டி எத்தனை வாசிக்கிறார் என்று குறிக்கவேண்டும். இதைப் புள்ளியாக்கித் தேர்ச்சி அறிக்கையில் ஏற்றவேண்டாம். ஏற்றினால் அட்டைகளை மனனம் செய்வித்துவிடுவார்கள்.

ஆகவே, மேற்படி வரவு விதியும், பதில் ஆசிரியராகப் பயன்படுத்தத் தடையும் அடங்கிய சுற்றுநிருபத்தை ஆறு பாடசாலைகளுக்கும் அனுப்பவும், தேசியப் பாடசாலைகள் தொடர்பாக மத்திய அமைச்சின் இணக்கத்தைப் பெறவும், இரு வலயங்களின் ஆங்கிலப் பாட ஆசிரிய ஆலோசகர்களைச் சனிக்கிழமைப் பயிற்சிக்கு விடுவிக்கவும், 36 மணியையும் முடித்தோருக்கு வலயக் கல்விப் பணிப்பாளரின் ஒப்பத்துடன் மணித்தியாலங்களைக் குறிப்பிட்ட சான்றிதழ் வழங்கவும் ஆவன செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறோம். சம்பளமோ கொடுப்பனவோ கேட்கவில்லை. பஸ்ஸில் போகவேண்டிய பயிலுநர்களின் சீசன் ரிக்கற்றுக்கு அதிபரின் உறுதிப்படுத்தல் கிடைத்தால் போதும்.

பயிற்சிக்கான கையேட்டின் கைப்பிரதியும், பத்து வார நேரசூசியின் மாதிரியும், பெற்றோர் சம்மதப் படிவமும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன. இரண்டாம் தவணை தொடங்குவதற்கு நான்கு வாரங்களுக்கு முன் தங்கள் முடிவு கிடைத்தால் நேரசூசியில் பொது ஆங்கிலப் பாடவேளைகளை அடுத்தடுத்து அமைக்க அதிபர்களுக்கு அவகாசம் இருக்கும். பிந்தினால் அடுத்த ஆண்டுக்குத்தான் போகும்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பமிட்டோர் விபரம் இணைப்பு 4இல்)

பிரதிகள்:
உதவிக் கல்விப் பணிப்பாளர் (ஆங்கிலம்), திருகோணமலை வலயம்
உதவிக் கல்விப் பணிப்பாளர் (ஆங்கிலம்), மூதூர் வலயம்