கீழே பேர் போடு

அன்புள்ள சேகருக்கு,

நலம். பேத்தி காதுகுத்துக்கு வராதது தப்புதான். வசவை நேரில் வாங்கிக்கொள்கிறேன். இப்போது எழுதுவது வேறு விஷயம்.

பேரன் ஒரு தடிப் புத்தகம் வாங்கி வந்தான். அமெரிக்காவில் 1950களில் இ.சி. கம்பெனி பத்து சென்டுக்கு விற்ற பேய்க் காமிக்ஸின் மறுபதிப்பு. இரும்புக்கை மாயாவியையே போர்வைக்குள் டார்ச் அடித்துப் படித்த நமக்கு இதெல்லாம் எம்மாத்திரம் என்றுதான் புரட்டினேன். மூன்று நாளாகத் தூக்கமில்லை. சிரிக்காதே.

1952இல் ‘ஹான்ட் ஆஃப் ஃபியர்’ 12ஆம் இதழில் வந்த கதை. நாய்களையும் தெருப்பிள்ளைகளையும் விட்டால் நாதியற்ற ஒரு கிழவர். பணக்கார அப்பனுக்கும் மகனுக்கும் அவர் அங்கே குடியிருப்பதே கண்ணை உறுத்துகிறது. நாய்கள் போகின்றன. பிள்ளைகள் வருவதும் நிற்கிறது. கடைசியில் காதலர் தினத்துக்கு வாழ்த்து அட்டைகள். அத்தனையிலும் எதுகை மோனையோடு வசவு, கீழே பேர் கிடையாது. கிழவர் தூக்கில் தொங்கிவிடுகிறார். மறு வருஷம் குழியிலிருந்து எழுந்து வருகிறார். அவர் பங்குக்கு அவரும் ஒரு பாட்டு எழுதி வைத்துவிட்டுப் போகிறார். கடைசி வார்த்தை மட்டும் இல்லை. அந்த இடத்தில் மகனுடைய இதயம்.

வரைந்தவர் கிரஹாம் இங்கெல்ஸ். இந்த மனுஷன் படத்தில் எவன் வாய் திறந்தாலும் உதட்டுக்கு உதடு எச்சில் நூல் ஓடும். 1954இல் இந்தப் பேய்க் காமிக்ஸ் விவகாரம் அமெரிக்க செனட் வரைக்கும் போய், காமிக்ஸில் பிணம் எழுந்து நடக்கவே கூடாது என்று பதிப்பாளர்களே கூடி விதி போட்டுக்கொண்டார்கள். நல்ல கூத்து! எனக்குப் பிணமா பயம்? அந்த அட்டைகள்தான்.

டிராயிங் மாஸ்டருக்கு நாம் போட்ட மொட்டைக் கடுதாசி ஞாபகம் இருக்கிறதா? பாட்டு உன்னுது, எழுத்து என்னுது, இடது கையால். வகுப்பிலேயே பிரித்துப் படித்தவர், நாலாய் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கரும்பலகையில் பாதியில் நின்ற மயிலைப் போட்டு முடித்தாரே. தோகைக்குப் பச்சை சாக்பீஸ் கேட்டார். எழுந்துபோய்க் கொடுத்தது நான். அரைப்பரீட்சைக்கு அப்புறம் அவர் வரவே இல்லை. மாற்றல் என்றார்கள். நாமும் நம்பிக்கொண்டோம்.

நீதானே இன்னும் ஊரில் இருக்கிறாய். பழைய ஆட்கள் யாரிடமாவது விசாரி. இருந்தால் ரெண்டு பேருமாகப் போய்ப் பார்த்துவிட்டு வருவோம். பஸ் செலவு என்னுது.

உடனே பதில் போடு. கீழே பேரும் போடு.

உன்
ராமு